கொழும்பாருக்கு ஒரு ‘ஆமா’

கொழும்பிலிருந்து நாஞ்சில் நாட்டுக்கு வந்து இறங்கிய சாமான்களிலேயே யாருக்கும் எந்தப் பிரயோசனமும் இல்லாதது எது என்று கேட்டால், நான் யோசிக்காமல் சொல்வேன்: எங்கள் தெருக் கொழும்பாரின் குழல். அதற்கு அடுத்தபடியாகப் பிரயோசனம் இல்லாதது கொழும்பார்.

அவருக்கும் அப்பன் ஆத்தாள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் வருஷக்கணக்காக வேலை பார்த்துவிட்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பினார். அன்றிலிருந்து அவர் கொழும்பார்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்திலிருந்து கொழும்புக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. குடை வரும், தகரப் பெட்டி வரும், தையல் மெஷின் வரும். மயிலாடிக்காரர் ஒருவர் பேசும் கிளி கொண்டுவந்தார். அது சிங்களத்தில் பேசியதால் ஊராருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றாலும், கிளி கிளிதான். கொழும்பார் கொண்டுவந்தது ஒரு சாக்ஸபோன். யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்து, மேலெல்லாம் பொத்தான் வைத்த பித்தளைக் குழல். ஹோட்டல் பேண்டில் அதை வாசித்த கோவாக்காரர் ஒருவர், நெஞ்சு பலவீனம் என்று வைத்தியர் சொல்லிவிட்டதால், தினமும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த இவர் கையில் அதைக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறிவிட்டாராம். வைத்தியர் சொன்னது அந்தக் குழலைப் பற்றியா, அதைக் கேட்டவர்களைப் பற்றியா என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

வரும் வழியிலேயே வினை. ஆரல்வாய்மொழிச் சவுக்கையில், அதாவது திருவிதாங்கூருக்குள் நுழையும் பஸ்களைச் சோதிக்கும் இடத்தில், காவல்காரன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கினான்.

“இது என்னவே? சாராயம் காச்சுக குழாயா?”

“இல்ல ஏமானே. இது ஊதுகது.”

“ஊதுகதா? எங்க, ஊதும் பாப்போம்.”

பஸ் முழுக்க இறங்கி நின்று வேடிக்கை பார்த்தது. கொழும்பார் கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். ஊதி முடிக்கும் மட்டும் காவல்காரன் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டான். பிறகு பெட்டியை மூடினான்.

“சாராயம் இல்லதான். ஆனா அது குடிச்சா வாற சத்தம் மாதிரிதான் கேக்கு. கொண்டு போவும்.”

அவர் வாசித்த சங்கீதத்துக்கு எங்கள் சீமையில் கிடைத்த முதல் விமரிசனம் இதுதான். பிறகு கிடைத்தவற்றோடு ஒப்பிட்டால் இது நல்ல விமரிசனம்.

அவருடைய மனைவி நேசம்மை. லேஸ் பின்னும் பெண். உருண்டைத் தலையணையை மடியில் வைத்து, நூல் சுற்றிய சிறு கட்டைகளை இங்கும் அங்கும் மாற்றிப் போட்டு, ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு குண்டூசி குத்தி, வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் கழுத்துக்கு லேஸ் பின்னுவாள். எங்கள் வேதக்கோயில் பாடகர் குழுவில் அவளுடைய குரல்தான் முதல் குரல். புருஷன் திரும்பிய அன்று அவள் எதிர்பார்த்தது ஒரே ஒரு பொருளை. உருளி. கிறிஸ்துமஸுக்குப் பாயசம் வைக்க ஒரு நல்ல கனமான வெண்கல உருளி. ஒவ்வொரு வருஷமும் அடுத்த வீடான எங்கள் வீட்டில் அவள் உருளி இரவல் வாங்குவாள். என் மனைவி கொடுப்பாள். கொடுக்கும்போது, “அடி பிடிக்காமப் பாத்துக்க கேட்டியா” என்பாள். அந்த “கேட்டியா” தான் நேசம்மையால் தாங்க முடியாதது.

கொழும்பார் பெட்டியைத் திறந்தார். பித்தளை பளபளத்தது. நேசம்மை ஒரு கணம் முகம் மலர்ந்தாள். பிறகு அது உருளி இல்லை என்று தெரிந்தது.

“இத வச்சு என்ன செய்யணும்?” என்றாள்.

“ஊதணும்.”

“அடுப்பையா?”

அன்றிலிருந்து வீட்டுக்குள் குழலுக்கு இடமில்லை. கொழும்பார் சாதகம் செய்ய மயிலாடிக்கு நடந்தார். அங்கே பாறைகள் எதிரொலிக்கும், அதனால் தனியாக வாசித்தாலும் இன்னொருவர் பதில் வாசிப்பதுபோல இருக்கும் என்பது அவர் கணக்கு. ஆனால் மயிலாடியில் பாறை இருக்கும் இடத்தில் கல்தச்சர்களும் இருப்பார்கள். பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்து உளியடித்தால் அதற்கே ஒரு தாளம் உண்டு. கொழும்பார் அந்தத் தாளத்தில் அடி விழும் இடத்தில் ஊதமாட்டார்; இரண்டு அடிக்கு நடுவில் ஊதுவார். ஜாஸ் என்பது அப்படித்தானாம். இரண்டாம் நாள் ஒரு தச்சருக்குக் கை இடறிப் பிள்ளையாரின் மோதகம் பறந்துபோனது. தச்சர் எழுந்து வந்தார்.

“ஓய், நீரு ஊதும். வேண்டாங்கல. அடிக்கும்போ ஊதும், இல்லேன்னா நிறுத்தும்போ ஊதும். நடுவுல பூந்து ஊதுனா கை எங்க போவும்?”

“நடுவுலதான் அண்ணே அதுக்க ருசி இருக்கு.”

“ருசியெல்லாம் சரி. மோதகம் போச்சே! அதத் தின்னுததுக்குத்தானே அவரு இருக்காரு?”

மயிலாடி முடிந்தது. அடுத்து எங்கள் கோயில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, போதகர் இளகிய மனதோடு இருந்த வேளை பார்த்து, கீர்த்தனைக்குத் துணை வாசிக்க அனுமதி வாங்கிவிட்டார். பாட்டு நடக்கும்வரை பிரமாதம். இதை நான் மறைக்கமாட்டேன். சபையே நிமிர்ந்து உட்கார்ந்தது. பாட்டு முடிந்தது. குழல் முடியவில்லை. ஜெபத்துக்கு எழுந்த சபை, குழல் ஓயாததைக் கண்டு மறுபடி உட்கார்ந்தது. ஓய்ந்ததுபோல் இருந்ததும் எழுந்தது. அது மூச்சு வாங்கத்தான் என்று தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்தது. வயதானவர்களுக்கு மூட்டு பிடித்துக்கொண்டது. ஆராதனை கலைந்ததும் போதகருக்கு உதவியான உபதேசியார் பாய்ந்து வந்தார்.

“பாட்டு முடிஞ்சப்பொறவு என்னவே ஊத்து?”

“உங்களுக்கு முடிஞ்சிது. எனக்கு அப்பம்தான் தொடங்கிச்சு.”

உபதேசியாருக்கு அவர் சொன்ன பதில்களிலேயே இதுதான் மரியாதையானது. கோயிலும் முடிந்தது.

எங்கள் தெருவில் ஒரு வாசகசாலை இருந்தது. நான் பகலில் பள்ளிக்கூட வாத்தியார், சாயங்காலத்தில் அந்த வாசகசாலையின் காரியதரிசி. போகும் இடமெல்லாம் அடைபட்ட பிறகு கொழும்பார் அங்கே வந்து உட்கார்ந்து, பத்திரிகை படிப்பவர்களிடம் ஒரு சித்தாந்தம் பேச ஆரம்பித்தார். படிப்பவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுவிடுவார்கள். காரியதரிசி கதவைப் பூட்டவேண்டியவன், எங்கே போவது? நான் கேட்டேன்.

“சாரே, லோகத்துல எல்லாப் பாட்டும் ஒண்ணுதான். நம்ம வில்லுப்பாட்டுல வலப்பக்கம் இருக்கவன் ஒரு வரி பாடுவான், இடப்பக்கம் இருக்கவன் ஆமா போடுவான். சரியா?”

“சரி.”

“கோயில்ல ஐயா ஜெபிப்பாரு. சனம் ஆமென் சொல்லும். கொழும்புல கப்பல்காரன் ஒருத்தன் கிராமபோன் பிளேட்டு கொண்டுவந்தான். அமெரிக்காவுல கறுத்த சனம் பாடுக கோயில்பாட்டு. ஒருத்தன் கரைஞ்சு பாடுகான். உடனே மத்தவங்க எல்லாரும் கூடி, ஆமாப்பா, அப்படித்தாம்பாங்கிற மாதிரி ஒரு சத்தம். எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சிட்டு. ஜாசும் அதுதான் சாரே. ஒருத்தன் சொல்லணும், ஒருத்தன் ஆமா போடணும். ஆமா இல்லேன்னா பாட்டு இல்ல.”

“உமக்கு யாரு ஆமா போடுகா?”

கொழும்பார் எதிர்வீட்டு வாசலைப் பார்த்தார். அது அவருடைய வீட்டு வாசல். அங்கே நேசம்மை லேஸ் தலையணையோடு உட்கார்ந்திருந்தாள். வார்த்தை இல்லாத ஒரு மெட்டை மூக்குக்குள் முனகிக்கொண்டே பின்னுவது அவள் வழக்கம். கட்டைகள் ஓடும்வரை மெட்டும் ஓடும். குண்டூசி குத்தவேண்டிய இடத்தில் மெட்டு டக்கென்று நிற்கும். குத்தி முடிந்ததும் விட்ட இடத்தில் தொடங்கும். வாசகசாலைக்கு வருகிற எல்லாருக்கும் அந்த மெட்டும் அந்த நிறுத்தமும் மனப்பாடம். கொழும்பார் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, “ஆளு இல்ல சாரே” என்றார்.

அந்த வருஷம் வாசகசாலை ஆண்டு விழா வந்தது. எங்கள் ஊரில் எல்லாச் சாதி சமயத்தாரும் சண்டை போடாமல் ஒரே பந்தலுக்குக் கீழ் உட்காருவது அன்று ஒரு சாயங்காலம்தான். முதலில் எங்கள் பாடகர் குழுவின் கீர்த்தனை. அப்புறம் வில்லுப்பாட்டு. அதிலும் சாமி கதை வேண்டாம், குளம் வெட்டின கதை போதும் என்று பேசி ஒப்புக்கொள்ள வைத்திருந்தோம். மூன்றாவதாகப் பேண்டு வாத்தியம். கடைசியில் தலைவர் பேச்சு. தலைவர் மராமத்து இலாகாவில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேச்சும் மராமத்து வேலை மாதிரிதான், தொடங்கினால் முடியாது.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பேண்டுக்காரர்கள் கல்யாண வீடு கிடைத்துக் கழன்றுகொண்டார்கள். கொழும்பார் என் முன் வந்து நின்றார். குழல் பெட்டி கையில் இருந்தது. நானே ஓவர்சியரிடம் போனேன்.

“அந்தக் குழலா?” என்று ஓவர்சியர் முகம் சுளித்தார். “சரி, போடும். ஆனா என் பேச்சுக்கு நேரம் மிச்சம் இருக்கணும்.”

சேதி நேசம்மைக்கு எட்டியது. அவள் நேரே வாசகசாலைக்கு வந்துவிட்டாள். பெண்கள் அங்கே வருவது வழக்கமில்லை. படித்துக்கொண்டிருந்தவர்கள் பத்திரிகையை முகத்துக்கு உயர்த்திப் பிடித்துக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

“இஞ்ச பாருங்க. ஊரு முன்னால ஊதப் போறேளாக்கும்?”

“ஆமாட்டி.”

“ஊதுங்க. ஊருல ஒரே ஒரு ஆளு, இது நல்லாருக்குன்னு ஆமா போடட்டும். அதுக்குப் பொறவு நான் வாயத் தெறக்கல்ல. ஒரு ஆளுகூடப் போடலேன்னா மறுநாள் காலம்பற இந்தக் குழலு வடசேரிப் பட்டறைக்குப் போவும். உருக்கி எனக்கு உருளி வாத்துக் கொண்டு வரணும். சம்மதமா?”

கொழும்பார் குழலை அணைத்துக்கொண்டு நின்றார். பிறகு, “சம்மதம்” என்றார்.

அவர் ஏன் அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தார் என்பது அவள் போன பிறகுதான் தெரிந்தது. வில்லுப்பாட்டுக் குழுவில் இடப்பக்கம் பாடுகிறவர் ஆண்டிப்பிள்ளை. வலப்பக்கம் இருந்து பாட்டை நடத்தும் புலவர் எதைப் பாடினாலும் வரி முடிந்ததும் ஆமா போடுவது அவர் தொழில். அது தொழில் என்ற நிலையைத் தாண்டி உடம்பில் ஊறிப்போயிருந்தது. கடையில் அரிசி விலை கேட்டாலும், கடைக்காரர் சொல்லி நிறுத்தியதும் ஆமா போட்டுவிடுவார். பேரம் பேசத் தோன்றாது. அவர் மேடையிலேயே வில்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

“அவருக்க முன்னால எந்தச் சத்தம் வந்து நின்னாலும் ஆமா போடாம இருக்கமாட்டாரு சாரே. நான் செயிச்சாச்சு!”

நேசம்மைக்கு இந்த யோசனையும் எட்டியது. மறுநாள் தெருக்கோடியில் ஆண்டிப்பிள்ளையை நிறுத்தி, “அண்ணாச்சி, நீங்க கழுதை கத்தினாலும் ஆமா போடுக ஆளு. உங்க ஆமா கணக்குல சேராது, சொல்லிப்போட்டேன்” என்றாள். ஆண்டிப்பிள்ளை பழக்கதோஷத்தில், “ஆமா” என்றார்.

ஆனாலும் சேருமா சேராதா என்று ஊரே இரண்டாகப் பிரிந்துவிட்டது. வில்லுப்பாட்டில் போட்டால் சேராது, குழலுக்குப் போட்டால் சேரும் என்று கடைசியில் புலவர் மத்தியஸ்தம் செய்தார். கொழும்பாருக்கு உயிர் வந்தது.

விழா சாயங்காலம் தொடங்கியது. கீர்த்தனை நன்றாக இருந்தது. குளம் வெட்டின கதை அதைவிட நன்றாக இருந்தது. கொழும்பார் வெள்ளை வேட்டி, கறுத்த கோட்டு, கழுத்தில் கொழும்பு டை சகிதம் மேடை ஏறினார். அவருக்கு ஒரு பக்கம் வில்லுக்காரர்கள், மறுபக்கம் பாடகர் குழுப் பெண்கள். நேசம்மை முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். விரல்கள் மட்டும் முந்தானைக்குள் கட்டை மாற்றுவதுபோல அசைந்துகொண்டிருந்தன.

குழல் தொடங்கியது. ஆண்டிப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை இழுத்து, ஆமா போடத் தயாரானார். குழல் ஏறியது, இறங்கியது, வளைந்தது. வரி முடியவில்லை. ஆண்டிப்பிள்ளை வாயைத் திறந்தார். குழல் இன்னும் மேலே போனது. மூடினார். அது தணிந்தது, திறந்தார். “ஆ...” என்று பாதி வருவதற்குள் அது வேறு பக்கம் திரும்பி ஓடிவிட்டது. மறுபடி மூடினார். ஊதுகிறவரை விட்டுவிட்டுச் சனம் ஆண்டிப்பிள்ளையின் வாயையே பார்த்தது. முதலில் பின்வரிசையில் ஒரு சிரிப்பு. அப்புறம் பந்தல் முழுக்க.

“ஆண்டிப்பிள்ளே, மூச்சு விடும்வே! செத்துப் போவேரு!” என்று யாரோ கத்தினார்கள்.

ஆண்டிப்பிள்ளைக்கும் பொறுக்கவில்லை. “ஓய் கொழும்பாரே, வரி முடிஞ்சாத்தானே நான் ஆமா போட முடியும்? நீரு பாட்டுக்கு ஓடிக்கிட்டே கெடக்கீரு! எங்கனயாவது நில்லும்வே!”

பந்தல் அதிர்ந்தது. கொழும்பார் வாயிலிருந்து குழலை எடுத்தார். பாட்டு முடிந்த பிறகும் நிறுத்தாத மனிதர், நடுவில் நிறுத்தி நான் பார்த்தது அப்போதுதான். டையைத் தளர்த்திக்கொண்டார். யாரையும் பார்க்கவில்லை. குழலை மட்டும், நாளை அது உருளியாக எப்படி இருக்கும் என்று பார்ப்பவர்போலப் பார்த்தார். ஓவர்சியர் பேச்சுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். காரியதரிசிக்கு விருப்பு வெறுப்பு கூடாது என்பார்கள். நான் ஓவர்சியரின் அங்கவஸ்திரத்தைப் பிடித்து உட்கார வைத்தேன்.

கொழும்பார் குழலை மறுபடி வாயில் வைத்தார். இந்தத் தடவை சத்தம் மெதுவாக வந்தது. ஏறவில்லை, ஓடவில்லை. இரண்டு சுற்று கேட்டதும் சனம் சிரிப்பை நிறுத்தியது. எல்லாருக்கும் தெரிந்த மெட்டு. எதிர்வீட்டு வாசலில் தினமும் கேட்டது. கொழும்பார் அதைக் கொஞ்சம் வளைத்தார், அடிக்கு நடுவில் நிறுத்தி இழைத்தார், ஆனால் மெட்டைத் தவறவிடவில்லை. கட்டைகள் மாறி மாறி விழுவது கண்ணுக்குத் தெரிந்தது. குண்டூசி குத்தும் இடம் வந்தது. குழல் டக்கென்று நின்றது.

ஆண்டிப்பிள்ளை வாயைத் திறந்தார். அவருக்கு முந்திக்கொண்டு பாடகர் குழு முன்வரிசையிலிருந்து, குனிந்த தலை நிமிராமல், ஒரு குரல் வந்தது.

“ஆமா.”

கொழும்பார் திரும்பிப் பார்க்கவில்லை. விட்ட இடத்தில் தொடங்கினார். அடுத்த நிறுத்தத்தில் நேசம்மையும் ஆண்டிப்பிள்ளையும் சேர்ந்து போட்டார்கள். அதற்கடுத்ததில் வில்லுக் குழுவின் குடக்காரர் குடத்தில் ஒரு தட்டுத் தட்டினார், அதுவும் இரண்டு அடிக்கு நடுவில். அப்புறம் பாடகர் குழு, அப்புறம் பந்தல், கடைசியில் உபதேசியார். எங்கே எழ வேண்டும் எங்கே உட்கார வேண்டும் என்று ஒருவருக்கும் கவலையில்லை. ஓவர்சியரின் பேச்சுக்கு நேரம் மிஞ்சவில்லை. அதற்காகவே தனியாக ஒரு மாலை போட்டிருக்கலாம்.

ஆண்டிப்பிள்ளை மட்டும் பல நாள் புலம்பிக்கொண்டிருந்தார். “எனக்கு முந்தி ஆமா போட்ட ஆளு இந்தச் சீமையில அவ ஒருத்திதான்வே” என்பார். புலம்பலில் பெருமையும் கொஞ்சம் கலந்திருந்தது.

விழாவுக்கு மறுநாள் வேலி ஓரத்தில் கொழும்பார் நேசம்மையிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

“நேத்து ஆமா போட்டியே?”

“நான் எங்க போட்டேன்? ஊசி குத்துக இடம் வந்திது. வாயி தன்னால சொல்லிற்று.”

“அப்பம் உருளி?”

“இத உருக்கினா ஒரு தோசைச் சட்டுவம் வாக்கக்கூடக் காணாது. போங்க, போய் அங்கன இருந்து ஊதுங்க.”

அங்கன என்றது வீட்டுக்குள். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு முன் அவள் ஒரு லேஸ் பின்னினாள். வெள்ளைக்காரச் சீமாட்டிக்கு இல்லை. குழலுக்கு உறை. வளைவுக்கு ஏற்றபடி வளைத்து, பொத்தான்களுக்கு இடம் விட்டு, ஞானஸ்நானத்துக்குப் பிள்ளைக்கு உடுத்துகிற சட்டை மாதிரி. பாயசம் வைக்க எங்கள் உருளிதான் போனது. என் மனைவி வழக்கம்போல, “அடி பிடிக்காமப் பாத்துக்க கேட்டியா” என்றாள். நேசம்மை சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள். பாயசம் அடிபிடித்திருந்தது. குழலைக் கேட்டுக்கொண்டே கிண்டியிருக்க வேண்டும்.

இரண்டு பேரும் இப்போது இல்லை. நான் முடி வெட்டிக்கொள்ளும் கடையில் ஒரு ரேடியோ இருக்கிறது. எப்போதாவது எந்த நாட்டிலிருந்தோ அந்த வளைந்த குழல் கேட்கும். எனக்கு இன்றுவரை அந்தச் சங்கீதம் பிடிபடவில்லை, எங்கே போகிறது எங்கே வருகிறது என்று தெரிவதும் இல்லை. ஆனால் ஊதுகிறவன் மூச்சு வாங்க ஓரிடத்தில் நிற்பான். கடைக்காரர் கத்தரியை எடுத்துவிட்டு, “என்ன சாரே, காதுல பட்டிற்றா?” என்று கேட்பார்.

ஒன்றுமில்லை, நான் ‘ஆமா’ போட்டிருப்பேன்.